சுவரில் மஞ்சள் பூத்த பழைய ஆலை: நெல் உலர்களத்துக்கு இந்த இடத்தை வாங்கலாமா?

வாய்க்கால்கரை
ஆகஸ்ட் 19, இரவு 9.40

வணக்கம். கும்பகோணத்துக்கும் குத்தாலத்துக்கும் நடுவே எங்கள் ஊர். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். இயக்குநர்களில் நானும் ஒருவன். ஒவ்வொரு குறுவைக்கும் நெல்லைத் தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்து, லாரி ஓட்டுநர்களிடம் திட்டு வாங்கி, மேகம் கறுத்தால் தார்ப்பாய் தேடி ஓடி அலுத்துப்போய்விட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பி விடுவார்கள். அதனால் சொந்தமாக ஓர் உலர்களமும் கிடங்கும் கட்ட இடம் தேடினோம்.

கிடைத்தது மூன்றரை ஏக்கர். முன்பு அரிசி ஆலை. பூட்டிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கும். தென்பகுதிக் கொட்டகையில் கொஞ்ச காலம் பாத்திரங்களுக்கும் குத்துவிளக்குகளுக்கும் நிக்கல், குரோம் முலாம் பூசும் பட்டறை வாடகைக்கு இருந்ததாம். கொட்டகையை ஒட்டி வீரசோழனிலிருந்து பிரியும் பாசன வாய்க்கால். அதைத் தாண்டினால் வயல். விலை, ஊர் விலையில் பாதிக்குச் சற்று மேல். அதுதான் உறுத்துகிறது.

விற்பவர் ஒரு தனியார் ஆய்வகத்தின் மண், நீர் அறிக்கையைக் கொடுத்திருக்கிறார். மே மாதம் எடுத்தது. எல்லா வரியிலும் 'வரம்புக்குள்'. ஆனால் சித்திரையில் நான் போய்ப் பார்த்தபோது பட்டறைக் கொட்டகையின் உள்சுவரில் முழங்கால் உயரத்துக்கு மஞ்சளாக உப்புப் பூத்திருந்தது. தொட்டேன், கோலமாவு போல விரலில் ஒட்டியது. சென்ற வாரம் மறுபடி போனேன். சுவர் நனைந்து கிடக்கிறது, மஞ்சளைக் காணவில்லை. கழுவிவிட்டார்களா, அன்று என் கண்தான் மயங்கியதா என்று தெரியவில்லை.

வாங்கலாமா?

பத்திர எழுத்தர்
ஆகஸ்ட் 19, இரவு 10.15

முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தீர்களா? விலை குறைவு என்றாலே எனக்கு முதலில் பாகப்பிரிவினை வழக்குதான் நினைவுக்கு வரும். மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது.

சோதனைக்குழாய்
ஆகஸ்ட் 19, இரவு 10.32

அறிக்கையைப் பிறகு பார்க்கலாம். அந்த மஞ்சளை மறுபடி வெறும் விரலால் தொடாதீர்கள். அன்று கையைக் கழுவினீர்களா?

வாய்க்கால்கரை
ஆகஸ்ட் 19, இரவு 10.41

வேட்டியில் துடைத்துக்கொண்டேன். ஏன்?

சோதனைக்குழாய்
ஆகஸ்ட் 19, இரவு 11.20

பதினெட்டு ஆண்டுகளாகக் கழிவுநீர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது என்பது தொழில் பழக்கம். ஆனாலும் குரோம் முலாம் பட்டறை, செங்கல் சுவர், கோடையில் மஞ்சள் பூப்பு என்ற மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகிப்பது குரோமேட் உப்பைத்தான்.

குரோமியத்துக்கு இரண்டு முகம். குரோமியம்-3 மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். குரோமியம்-6 தண்ணீரில் கரைந்து ஓடும். மூச்சில் போனால் புற்றுநோய், தோலில் பட்டால் புண். முலாம் தொட்டியில் இருப்பது இந்த ஆறுதான். தரையில் சிந்தியது மண்ணுக்குள் போய், நிலத்தடி ஈரத்தோடு சேர்ந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் செங்கல்லில் ஏறுகிறது. வெயிலில் ஈரம் ஆவியாகிவிடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். வாய்க்காலில் தண்ணீர் வந்து நிலத்தடி நீர் உயர்ந்தவுடன் சுவர் ஊறி, பூத்தது கரைந்து மறுபடி மண்ணுக்கே இறங்கும். ஆகவே உங்கள் கண் மயங்கவில்லை. யாரும் கழுவியிருக்கவும் வேண்டியதில்லை.

ஆடுதுறை 36
ஆகஸ்ட் 20, காலை 6.05

ஏன் இவ்வளவு பெரிய பேச்சு? வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு கிலோ மண்ணைக் கொடுத்தால் சில பத்து ரூபாயில் அட்டை வந்துவிடும். எங்கள் வயலுக்கு ஆண்டுதோறும் அப்படித்தான் பார்க்கிறோம்.

சோதனைக்குழாய்
ஆகஸ்ட் 20, காலை 7.50

அந்த அட்டை மண்ணுக்குப் பசிக்கிறதா என்று சொல்லும் ஐயா. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, உப்பின் அளவு, துத்தநாகம், இரும்பு வரை பார்ப்பார்கள். மண் விஷம் குடித்திருக்கிறதா என்பது அந்தச் சோதனையின் வேலையே இல்லை. குரோமியம், நிக்கல், சயனைடு எதுவும் அதில் இருக்காது.

ஆழ்துளை
ஆகஸ்ட் 20, காலை 9.10

நிலத்தடி நீர் ஆய்வு என் பிழைப்பு. மூடிய ஆலைகளின் நிலங்கள் சிலவற்றை நேரில் துளைத்துப் பார்த்தவன். வாய்க்கால்கரை அண்ணா, மே மாத அறிக்கையில் இவை மட்டும் எனக்கு வேண்டும்: மண்ணை எந்த எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் எடுத்தார்கள், தனித்தனியாகச் சோதித்தார்களா, கலந்தா, தண்ணீர் எந்தக் கிணற்றில், 'வரம்பு' என்று போட்டிருப்பது எந்த விதியின் வரம்பு.

வாய்க்கால்கரை
ஆகஸ்ட் 20, மதியம் 1.30

அறிக்கையை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஐந்து இடத்தில் மேல்மண் அரை அடி எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாகச் சோதித்திருக்கிறார்கள். எந்த ஐந்து இடம் என்பதற்கு வரைபடம் இல்லை. தண்ணீர், வடக்கு வாசலில் இருக்கும் 180 அடி ஆழ்துளைக் கிணற்றில். குரோமியம் என்று ஒரே வரி, மூன்றா ஆறா என்று பிரிக்கவில்லை. வரம்பு என்ற கட்டத்தில் 'அபாயகரக் கழிவு விதிகள் 2016, அட்டவணை 2' என்று இருக்கிறது.

ஆழ்துளை
ஆகஸ்ட் 20, இரவு 8.45

பொய் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில், கேள்விதான் வேறு.

கடைசியிலிருந்து வருகிறேன். அட்டவணை 2 என்பது ஒரு பொருளை அபாயகரக் கழிவு என்று முத்திரை குத்துவதற்கான எல்லை. லாரியில் ஏற்றி எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய அது உதவும். அதற்குக் கீழே இருந்தால் அந்த மண்மேல் நெல் காயவைக்கலாம், குழந்தை விளையாடலாம் என்று பொருள் இல்லை. நிலத்துக்கான அளவுகோல் பயன்பாட்டைப் பொறுத்து மாறும். கனடாவின் வழிகாட்டி அளவுகளில் விவசாய நிலத்துக்கு மொத்தக் குரோமியம் கிலோவுக்கு 64 மில்லிகிராம், குரோமியம்-6 வெறும் 0.4 மில்லிகிராம். அதே வழிகாட்டியில் தொழிற்பேட்டை நிலமென்றால் 87, 1.4. மண் அதேதான், அதன்மேல் யார், எவ்வளவு நேரம், என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எண் மாறுகிறது. கொடைக்கானலில் 2001-இல் மூடிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரச மண் வழக்கு இத்தனை ஆண்டு இழுத்ததற்கும் இந்த எண் ஒரு காரணம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் போதும் என்று ஒரு தரப்பு, கீழே சோலைக்காடு இருக்கும்போது எப்படிப் போதும் என்று இன்னொரு தரப்பு.

அடுத்தது கலவை. நான்கு இடத்து நல்ல மண்ணோடு ஓர் இடத்துக் கெட்ட மண்ணைக் கலந்தால் கெட்டது ஐந்தில் ஒன்றாகிவிடும். பாலில் தண்ணீர் கலக்கிற கணக்குதான், இங்கே தண்ணீருக்குப் பதில் நல்ல மண். முலாம் பட்டறையின் அழுக்கு மூன்றரை ஏக்கரிலும் பரவியிருக்காது. தொட்டி இருந்த இடம், அலசிய தண்ணீர் ஓடிய கால்வாய், வண்டலைக் கொட்டிய குழி ஆகிய மூன்று இடத்தில் குவிந்திருக்கும். அரை அடி மேல்மண்ணில் தேடினால் அது கிடைக்கவும் செய்யாது. இத்தனை ஆண்டு மழை அதைக் கீழே தள்ளியிருக்கும்.

தண்ணீருக்கு வருவோம். நம் படுகையில் களிமண்ணும் மணலும் அடை தட்டியதுபோல் மாறி மாறி வரும். சிந்தியது முதலில் போய்ச் சேருவது பத்து, இருபது அடியில் இருக்கும் மேல் மணலில். 180 அடியில் எடுத்த தண்ணீர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மாடியில் எரிகிற அடுப்பைக் கீழ்வீட்டில் நின்று மோந்து பார்ப்பதுபோல் அது.

மே மாதம் என்பது இந்த எல்லாவற்றையும்விட முக்கியம். அப்போது நிலத்தடி நீர் வருடத்திலேயே அடியில் கிடக்கும், அழுக்கு அதற்கு மேலே காய்ந்த மண்ணில் தொங்கிக்கொண்டிருக்கும். மேட்டூரில் திறந்து வாய்க்கால் ஓடத் தொடங்கினால் நிலத்தடி நீர் ஏறி வந்து அந்த அடுக்கை நனைக்கும். டெல்டாவில் ஒரு நிலத்தை ஒரே பருவத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரை நான் நம்புவதில்லை. வாய்க்கால் ஓடும்போது ஒரு முறை, வற்றிய பிறகு ஒரு முறை. அதற்குக் குறைந்தால் ஆய்வே இல்லை.

மனைக்காரன்
ஆகஸ்ட் 20, இரவு 9.30

மூன்றரை ஏக்கரை மனை போட்டால் நாற்பது வீடு வரும். மேலே இரண்டு அடி சவுடு கொட்டி நிரவினால் யாருக்கு என்ன தெரியப் போகிறது? பயந்துகொண்டே இருந்தால் எந்த நிலத்தையும் வாங்க முடியாது நண்பரே.

சோதனைக்குழாய்
ஆகஸ்ட் 20, இரவு 9.34

நாற்பது வீட்டிலும் கை பம்பு போடுவார்கள். அப்போது தெரியும்.

பழைய முலாம்
ஆகஸ்ட் 21, காலை 5.20

இந்த இணையக் களத்தில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. கும்பகோணம் பக்கம் ஒரு பட்டறையில் பதினோரு ஆண்டு வேலை செய்தேன். அது உங்கள் இடம் அல்ல. ஆனால் எல்லாப் பட்டறையும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் சொல்கிறேன்.

பித்தளைச் சாமான் முதலில் பஃப் சக்கரத்தில் மெருகேறும். பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போகக் காரத் தொட்டி. சில வேலைக்குச் சயனைடு கலந்த செம்புத் தொட்டி. பிறகு நிக்கல், கடைசியாகக் குரோம். ஒவ்வொரு தொட்டிக்கும் நடுவே ஓர் அலசல் தொட்டி. சாமானைக் கம்பியில் கோத்துத் தூக்கி அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோகும்போது வழியெல்லாம் சொட்டும். தரை சிமெண்டுதான், ஆனால் அமிலம் தின்று ஒன்றிரண்டு ஆண்டில் சல்லடையாகிவிடும். அலசல் தண்ணீர் பின்பக்கம் ஒரு சிறு கால்வாய்க்குள் ஓடும். குரோம் தொட்டியில் ஈயத் தகடுதான் போடுவோம். அடியில் மஞ்சளாக ஒரு சேறு தங்கும். மாதத்துக்கு ஒரு முறை வழித்தெடுப்பது என் வேலை. எங்கே கொட்டுவேன்? வேப்பமரத்தடியில் ஒரு பள்ளம். மரம் மூன்றாம் ஆண்டு பட்டுப்போனது. ஆகவே தம்பி, பின்பக்கம் பட்டுப்போன மரமோ, புல் முளைக்காத ஒரு வட்டமோ இருந்தால் அங்கே பாருங்கள்.

இன்னொன்று. என் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை இருக்கிறது. ஒரு பக்கம் விட்ட மூக்குப்பொடி மறுபக்கம் வரும் என்று பட்டறையில் விளையாட்டாகச் சொல்வோம். நான்கு பேருக்கு இருந்தது. வலிக்காது, அதனால் யாரும் டாக்டரிடம் போகவில்லை. குரோம் ஆவி தின்றது என்று பத்து ஆண்டு கழித்துத்தான் ஒரு மருத்துவர் சொன்னார். அந்த முதலாளி இப்போது வேறு தொழிலில் நன்றாக இருக்கிறார்.

வாய்க்கால்கரை
ஆகஸ்ட் 21, காலை 7.15

ஐயா, இதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொட்டகைக்குப் பின்னால் ஒரு வேப்பங்கட்டை நிற்கிறது. இலை இல்லை.

பத்திர எழுத்தர்
ஆகஸ்ட் 21, காலை 10.00

மண்ணைப் பற்றித் தெரியாது என்றேன், தாளைப் பற்றித் தெரியும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் அந்தப் பட்டறை இசைவாணை வாங்கியிருந்தால் அதில் என்ன தொழில், எவ்வளவு கழிவுநீர், எங்கே விடுகிறார்கள் என்று எல்லாம் எழுதியிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வாங்காமலே நடத்தியிருந்தால், 'ஆவணம் இல்லை' என்ற பதிலும் ஒரு ஆவணம்தான். மின் இணைப்பு எந்தப் பெயரில் எந்த ஆண்டு வாங்கப்பட்டது, எப்போது துண்டிக்கப்பட்டது என்றும் பாருங்கள். பட்டறையின் வயது அதில் தெரிந்துவிடும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கித் தள்ளினால் எந்தக் குழி எப்போது மூடப்பட்டது என்பதுகூடக் கண்ணுக்குத் தெரியும் என்று என் மகன் சொல்கிறான்.

சட்டமும் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கென்று ஒன்றிய அரசு 2025 ஜூலையில் விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு, தேவைப்பட்டால் அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. துப்புரவுச் செலவு மாசுபடுத்தியவருடையது. 2020-இன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இதோடு குழப்ப வேண்டாம். அது தோல் ஆலை, உருக்காலை, எண்ணெய்க் கிணறு என்று புதிதாக வருவதைத் தடுக்கும்; ஏற்கெனவே கெட்ட மண்ணைச் சுத்தம் செய்வதற்கான சட்டம் அல்ல.

என் தொழிலிலிருந்து ஒரு சொல்: முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆடுதுறை 36
ஆகஸ்ட் 21, மாலை 6.40

எனக்கு ஒரு கேள்வி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வயல் நெல்லில் இது ஏறுமா? என் உறவினர் நிலம் அங்கேதான்.

சோதனைக்குழாய்
ஆகஸ்ட் 21, இரவு 9.50

நல்ல கேள்வி, பதில் கொஞ்சம் விசித்திரமானது. நீர் கட்டிய நெல்வயலில் காற்று போகாது. வேரும் வைக்கோலும் மட்கி, இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். அந்தச் சூழலில் குரோமியம்-6 தாக்குப்பிடிக்காது. மூன்றாக மாறி மண்ணில் ஒட்டிக்கொள்ளும். நெல் வேர் அதை மேலே அனுப்புவதும் குறைவு. ஆகவே குரோமியத்துக்குச் சேற்று வயல் ஒருவகையில் வேலி.

இதே வயல் ஆர்சனிக்குக்கு நேர் எதிர். தண்ணீர் நின்றால் அது மண்ணிலிருந்து அவிழ்ந்து நெல்லுக்குள் ஏறும். காட்மியம் இன்னொரு மாதிரி: தண்ணீரை வடித்து வயலைக் காயவிட்டால்தான் ஏறும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் காட்மியம் நெல்வயலுக்குப் போய், சாப்பிட்டவர்களின் எலும்பு நொறுங்கியது. அங்கே வயல் மண்ணையே மாற்றும் வேலை 2012 வரை நடந்தது. அதனால் 'மாசு' என்று பொதுவாகப் பேசிப் பயனில்லை. எந்த உலோகம், எந்த நீர், எந்தப் பயிர்.

ஒரு கைமுறைச் சோதனையும் சொல்கிறேன். கை பம்புத் தண்ணீர் மஞ்சளாக வந்தால் ஒரு கண்ணாடிக் குவளையில் இரவு முழுக்க வையுங்கள். இரும்பு என்றால் காலையில் அடியில் துரு படிந்து மேலே தெளிந்திருக்கும். குரோமேட் என்றால் தெளிவாகவே இருக்கும், மஞ்சளும் அப்படியே இருக்கும். நிறமே இல்லாவிட்டால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

வாய்க்கால்கரை
செப்டம்பர் 28, இரவு 8.00

குறுவை அறுவடையில் ஒரு மாதம் போய்விட்டது. இடையில் ஆழ்துளை தம்பி தன் ஆட்களோடு இரண்டு நாள் வந்து போனார். செலவை நிறுவனம் ஏற்றது. விற்பவர் முனகிக்கொண்டே சம்மதித்தார். பார்த்ததை எழுதுகிறேன்.

கையால் திருகி இறக்கும் ஆகர் என்ற மண் துளைப்பான்தான். முதலில் எங்கள் வயலிலேயே ஒரு துளை. 'எதற்கு இங்கே' என்று கேட்டேன். காவிரி வண்டலிலேயே இயற்கையாகக் கொஞ்சம் குரோமியம் இருக்கும், அது எவ்வளவு என்று தெரியாமல் ஆலை மண்ணைக் குற்றம் சொல்ல முடியாது என்றார். ஒவ்வொரு துளைக்கும் பிறகு ஆகரைத் தேய்த்துக் கழுவினார்கள், கையுறையை மாற்றினார்கள். ஒரே தண்ணீரை மூன்று பாட்டிலில் பிடித்தார்கள். உலோகத்துக்கு நைட்ரிக் அமிலம் விட்டது ஒன்று. சயனைடுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டது ஒன்று. அதில் தவறிக்கூட அமிலம் பட்டால் விஷவாயு கிளம்புமாம். குரோமியம்-6-க்கு அமிலமே இல்லாமல் ஐஸ் பெட்டியில் ஒன்று. அதை 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும் என்று இரவோடு இரவாக ஒரு பையன் பஸ் ஏறினான்.

வேப்பங்கட்டையிலிருந்து ஆறடி தள்ளிப் போட்ட துளையைத்தான் மறக்க முடியவில்லை. மேலே ஒன்றரை அடி செங்கல் துண்டும் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓடும். அதன் கீழே இரண்டு அடிக்கு உமிச்சாம்பல், ஈரமாக, மை போல. ஆலைக்காரர்கள் பள்ளத்தை அதை வைத்தே தூர்த்திருக்கிறார்கள். சாம்பல் முடிந்து களி தொடங்கும் இடத்தில், விரற்கடை அகலத்துக்கு எலுமிச்சம்பழத் தோலின் நிறத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி. அதற்குள் மெல்லிய கறுப்பு நூல்கள். இழுத்துப் பார்த்தால் நெல் வேர். ஆலை வருவதற்கு முன்பு அது என் தாத்தா காலத்து நஞ்சை.

நிலத்தடி நீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க முக்கோணமாக மூன்று பி.வி.சி. குழாய்களை இறக்கி, ஒவ்வொன்றிலும் நாடா விட்டுத் தண்ணீர் மட்டம் அளந்தார்கள்: வாய்க்கால் ஓரம் ஒன்று, கிழக்கே ஒன்று, வடமேற்கில் ஒன்று. வேப்பங்கட்டைத் துளையில் ஊறிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். லேசான மஞ்சள். மறுநாள் காலையிலும் அதே மஞ்சள், அடியில் துரு இல்லை.

வாய்க்கால்கரை
அக்டோபர் 17, மாலை 5.30

முடிவு வந்துவிட்டது. வேப்பங்கட்டைத் துளைத் தண்ணீரில் குரோமியம்-6 லிட்டருக்கு 2.6 மில்லிகிராம். வாய்க்கால் ஓரக் குழாயில் 0.31. கிழக்குக் குழாயில் வரம்புக்குக் கீழே, வடமேற்கில் தென்படவே இல்லை. பக்கத்துத் தெருக் கை பம்பும் தப்பித்தது. களியில் ஆறடிக்குக் கீழே மொத்தக் குரோமியம் ஏராளம், ஆனால் குரோமியம்-6 இல்லை. நிக்கலும் குழிப் பகுதியில் அதிகம். சயனைடு இல்லை. வடபாதி இரண்டரை ஏக்கரில், டீசல் தொட்டி இருந்த ஒரு மூலையைத் தவிர, எங்கள் வயல் மண்ணுக்கும் அந்த மண்ணுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சோதனைக்குழாய்
அக்டோபர் 17, இரவு 7.10

களியில் மொத்தம் நிறைய, ஆறு இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பழைய நெல் வேர்களும் களியின் இரும்பும் இத்தனை ஆண்டு ஆறை மூன்றாக மாற்றிக்கொண்டே இருந்திருக்கின்றன. சாம்பல் அடுக்கில் அது நடக்கவில்லை. உமிச்சாம்பல் காரத்தன்மை கொண்டது, மட்குவதற்கும் அதில் ஒன்றும் மிச்சமில்லை. கார மண்ணில் குரோமேட் எதிலும் ஒட்டாமல் தண்ணீரோடு சறுக்கும். குழியைச் சாம்பலால் தூர்த்தவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார். ஆனால் விஷத்துக்கு வசதியான மெத்தை போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆழ்துளை
அக்டோபர் 17, இரவு 9.40

மட்டக் கணக்கையும் சேர்த்துப் படியுங்கள். செப்டம்பரில் வாய்க்கால் நிரம்பி ஓடியது. வாய்க்கால்தான் நிலத்துக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தது. நிலத்தடி நீர் தெற்கிலிருந்து வடக்கே சாய்ந்திருந்தது. அப்படியிருந்தும் வாய்க்கால் ஓரக் குழாயில் 0.31 வந்ததென்றால், அது ஓட்டத்துக்கு எதிரே நீந்திப் போயிருக்க முடியாது. கோடையில் போனது. தை கடந்து வாய்க்கால் வற்றியதும் ஓட்டம் திரும்பி, நிலத்து நீர் வாய்க்காலை நோக்கிக் கசியும். என் ஊகம் இது. மாசியில் அளந்தால் ஊகமா உண்மையா என்று தெரிந்துவிடும். அதுவரை உறவினர் வயலுக்கு வாய்க்கால் மடுவில் தேங்கும் தண்ணீரை இறைக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

இனி என்ன செய்வது என்பது. குழிப் பகுதி சிறியது. சாம்பலையும் மஞ்சள் அடுக்கையும் தோண்டி எடுத்துவிடலாம். எடுத்ததை அபாயகரக் கழிவாகவே பதிவு செய்து, அபாயகரக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் தளங்கள் உள்ள கும்மிடிப்பூண்டிக்கோ விருதுநகர் மாவட்டத்து உண்டுறுமிகிடாக்குளத்துக்கோ அனுப்ப வேண்டும். செலவு போக்குவரத்தில்தான். இங்கே ஒரு எச்சரிக்கை: 'நானே இலவசமாக அள்ளிக்கொள்கிறேன்' என்று டிப்பரோடு யாராவது வருவார். அந்த மண் அடுத்த மாதம் யாரோ ஒருவர் வீட்டு மனையில் சவுடாகக் கிடக்கும். ராணிப்பேட்டையில் 1995-இல் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு இலட்சக்கணக்கான டன் மலையாகக் கிடந்து அந்த ஊர் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த மலையைப் பெயர்த்து நாலு ஊருக்குப் பங்கு வைப்பது துப்புரவு அல்ல.

மேல் மணலில் கரைந்திருப்பதைத் தோண்டி எடுக்க முடியாது. அதற்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) உப்பைக் கரைத்துக் குழாய் வழியே செலுத்துவார்கள், குரோமியம்-6 மூன்றாகிவிடும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு விட்டும் செய்யலாம். நுண்ணுயிர்கள் அதைத் தின்று காற்றை முடிக்க, மண் உங்கள் சேற்று வயல் போலாகும். எதுவானாலும் முதலில் ஒரு குழாயில் சிறிதாகச் செய்து பார்த்துவிட்டுத்தான்.

ஆடுதுறை 36
அக்டோபர் 18, காலை 6.15

வெட்டிவேர் நட்டால் உறிஞ்சிவிடும் என்று யூடியூபில் பார்த்தேனே?

ஆழ்துளை
அக்டோபர் 18, காலை 8.20

கரை அரிக்காமல் பிடித்துக்கொள்ளும், அதற்காக நடுங்கள். நாலடி ஆழத்து அடுக்கைச் சுத்தம் செய்யும் என்று காத்திருந்தால் பேரப்பிள்ளை காலம் ஆகும். பிடுங்கிய வேரையும் பிறகு கழிவாகத்தான் அனுப்ப வேண்டும்.

வாய்க்கால்கரை
அக்டோபர் 18, காலை 9.05

எங்கள் கூட்டத்தில் பலர் கேட்பது: தென்பகுதியையும் சிமெண்டு தளம் போட்டு மூடி, அதன்மேலேயே நெல் காயவைத்தால் என்ன?

சோதனைக்குழாய்
அக்டோபர் 18, காலை 9.40

சுவரில் ஏறியது தளத்தில் ஏறாதா? சித்திரை வெயிலில் சிமெண்டு வெடிப்பில் அதே மஞ்சள் பூக்கும். அதன்மேல் நெல்லைப் பரப்பிக் காலால் துழாவுவீர்கள். ஈரம் ஏறாமல் அடியில் ஜல்லி அடுக்கும் கனத்த பாலித்தீன் விரிப்பும் போட்டால் வண்டி நிறுத்தவோ, எடைமேடைக்கோ அந்த இடத்தைப் பயன்படுத்தலாம். அதுவும் குழியைத் தோண்டிய பிறகு. தின்கிற பொருள் வேண்டாம். இடம் பிடித்துவிட்டது என்பதற்காக வேலையை அதில் திணிக்காதீர்கள். எந்த மூலை எந்த வேலையைத் தாங்கும் என்று பார்த்து வேலையைப் பிரித்து வையுங்கள்.

மனைக்காரன்
அக்டோபர் 18, காலை 11.00

விற்பவரின் கைப்பேசி எண் கிடைக்குமா?

வாய்க்கால்கரை
அக்டோபர் 18, காலை 11.02

கிடைக்காது.

வாய்க்கால்கரை
நவம்பர் 30, இரவு 7.25

வடகிழக்குப் பருவமழையில் வயலே கதி என்று கிடந்ததால் தாமதம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

விற்பவரிடம் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். முதலில் கோபித்தார். பட்டறை வாடகைதாரர்தானே, நான் என்ன செய்வேன் என்றார். பிறகு வடபாதியை மட்டும் தனியாக அளந்து கொடுக்க இறங்கி வந்திருக்கிறார். தென்பாதி அவர் பெயரிலேயே இருக்கும். இரண்டு ஆய்வு அறிக்கைகளும் பத்திரத்தில் இணைப்பாகச் சேரும். தென்பாதித் துப்புரவுப் பொறுப்பு தன்னுடையது என்று அவர் எழுதித் தர வேண்டும். வாசகத்தைப் பத்திர எழுத்தர் ஐயாதான் தயார் செய்தார். மாசி அளவு வரும்வரை ஒரு ரூபாய் முன்பணம் கிடையாது என்று எங்கள் இயக்குநர் குழுவிலும் தீர்மானம் போட்டாகிவிட்டது. இரண்டு பேர் எதிர்த்தார்கள்: இந்த விலைக்கு இனிக் கிடைக்காது என்று. அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சம்பா அறுவடைக்கு மறுபடி தார்ச்சாலைதான்.

ஊராட்சிக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் புதிய விதிகளைக் குறிப்பிட்டு மனு கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. இன்னும் யாரும் வரவில்லை.

பழைய முலாம் ஐயாவுக்கு: நீங்கள் சொன்ன வட்டத்தை நேற்றுப் பார்த்தேன். இத்தனை மழைக்கும் அதில் மட்டும் புல் இல்லை.

பழைய முலாம்
நவம்பர் 30, இரவு 8.50

ஆடு மாடு போகாமல் வேலி போடுங்கள் தம்பி.

ஆழ்துளை
நவம்பர் 30, இரவு 9.15

அண்ணா, மூன்று குழாய்க்கும் பூட்டு மூடி போட்டிருக்கிறதா? ஆகர் போட்ட மற்றத் துளைகளை அன்றே அடைத்தோம். ஆனால் வேப்பங்கட்டைத் துளையைத் தண்ணீர் எடுக்க ஒரு வாரம் திறந்து வைத்தோமே, அது என்ன ஆனது? திறந்து கிடந்தால் மழைத்தண்ணீர் அதன் வழியே மஞ்சளைக் கீழ் மணலுக்கு இறக்கிவிடும்.

வாய்க்கால்கரை
நவம்பர் 30, இரவு 9.22

நீங்கள் விட்டுப்போன பெண்டோனைட் களி இரண்டு மூட்டையையும் கரைத்து ஊற்றி மறுவாரமே அடைத்துவிட்டோம். மேலே ஒரு சிமெண்டுக் கட்டியும் வைத்திருக்கிறேன். மூன்று குழாயின் சாவியும் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. மாசி பிறந்ததும் தகவல் சொல்கிறேன், நாடாவோடு வாருங்கள்.